எருக்கும் வெட்டிவேரும் குரோமிய மண்ணை என்ன செய்யும்?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஊர்களிலிருந்து மண் பரிசோதனைக்கு வரும் விவசாயிகள் பலர், எருக்கும் ஆமணக்கும் வளர்த்தால் நிலத்திலுள்ள குரோமியத்தை அவை உறிஞ்சி எடுத்துவிடுமா என்று கேட்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை.

தோல் பதனிட இடும் குரோமிய உப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்கிறது. எஞ்சியது கழிவுநீரில் போகிறது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதித் தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் வயலில் படிந்துவிட்ட உலோகம் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு வெளியேறவில்லை. அது பெரும்பாலும் மூவிணைதிறம் (Cr III) எனப்படும் நஞ்சு குறைந்த வடிவில், நீரில் எளிதில் கரையாமல், களிமண்ணோடும் மக்கோடும் ஒட்டிக் கிடக்கிறது. பெரும்பாலான செடிகள் அதை வேரிலேயே நிறுத்திக்கொண்டு, இலைக்குச் சிறிதளவே ஏற்றுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழ மேல்மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ இருக்கும். கிலோவுக்கு 500 மில்லிகிராம் குரோமியம் இருப்பதாகக் கொண்டால், மொத்தம் 450 கிலோ. காய்ந்த நிலையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் குரோமியம் கொண்ட தழையை ஆண்டுக்கு 4 டன் அறுத்து அகற்றினாலும் வெளியேறுவது 400 கிராம்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

அதனால், உலோகத்தை அகற்றுவதை விட, அது கிணற்றுக்கும் பயிருக்கும் போகாமல் கட்டிப்போடுவதற்கே செடிகளை நம்பலாம் என்பது என் கருத்து. வரப்போரம் வரிசையாக நட்ட வெட்டிவேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கூடவே தொழுவுரம் இட்டால், அதிக நஞ்சுள்ள மற்றொரு வடிவமான ஆறிணைதிறக் (Cr VI) குரோமியத்தின் ஒரு பகுதி மூவிணைதிறத்திற்கு மாறும். சில வயல்களில் முதல் எதிரி குரோமியம் அல்ல, பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவும் சாதாரண உப்புதான். விதை முளைக்கவில்லையென்றால் முதலில் மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறனைப் பாருங்கள்.

கவலை தருவது அறுத்த தழையின் போக்கு. நம் பக்கத்தில் எருக்கந்தழையை வெட்டி வந்து நாற்று நடுமுன் சேற்றில் மிதிப்பது பழைய வழக்கம். கழிவு வாய்க்காலோரத்து எருக்கை அப்படி மிதித்தால், அதிலுள்ள உலோகத்தை நல்ல வயலுக்கு நாமே கொண்டு சேர்க்கிறோம். அங்கு வளர்ந்த சீமைக் கருவேலத்தை விறகாக்குவதும் நல்லதல்ல. எரியும்போது குரோமியத்தின் ஒரு பங்கு ஆறிணைதிறமாக மாறக்கூடும், அந்தச் சாம்பலோ கீரைப் பாத்திக்குப் போகிறது. ஆடுகளை அங்கே மேய விடவும் வேண்டாம். அறுத்ததைத் தனியே குவித்து மூடி, எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

மண்வள அட்டையின் 12 அளவீடுகளில் குரோமியம் கிடையாது. உலோகச் சோதனை வேண்டுமெனத் தனியாக எழுதிக் கொடுங்கள். மாதிரிக்கு ஆங்கில 'வி' வடிவில் அரை அடி குழி வெட்டி, மண்வெட்டி பட்ட மண்ணை மூங்கில் சிம்பால் வழித்துத் தள்ளிவிட்டு, உள்பக்க மண்ணை மட்டும் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.