விரல் விட்டு எண்ணட்டும், விடுங்கள்

"நாலாங்கிளாஸ் வந்துட்டான், இன்னும் விரல் விட்டு எண்றான் மேடம்." என்னிடம் வரும் பெற்றோர் பலரும் சொல்வது இது. ராத்திரி வரைக்கும் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தாயிற்று, அபாகஸ் வகுப்பிலும் சேர்த்தாயிற்று, விடிந்தால் எல்லாம் மறந்துபோகிறது என்பார்கள். அந்த விரல்களையும் பிடுங்கிவிட்டால் பிள்ளைக்குப் பிடிமானமே இருக்காது.

இப்படித் தடுமாறும் சிலருக்கு டிஸ்கால்குலியா, அதாவது கணக்கு கற்பதில் குறைபாடு, இருக்கலாம். அது புத்திக்குறைவு அல்ல. எண் எவ்வளவைக் குறிக்கிறது என்பது மனதில் எளிதில் பதியாது, அவ்வளவுதான். தாயக்கட்டையில் மூன்று புள்ளி விழுந்தால் நாம் பார்த்ததும் மூன்று என்போம். இவர்களில் சிலர் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணுவார்கள். அதே பிள்ளை தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கலாம். அதனாலேயே 'கணக்குன்னா மட்டும் சோம்பேறித்தனம்' என்று திட்டு விழும். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் குறைபாடு, உள்ள பிள்ளையின் சிக்கல் வேறு. கணக்கு தெரிந்திருக்கலாம், வாக்கியக் கணக்கை வாசிப்பதில்தான் தடுக்கும். கேள்வியை நாம் வாசித்துக் காட்டினால் பல நேரம் விடை வந்துவிடும்.

தப்பு விடையை அடிக்கும் முன் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 52-இல் 17 போனால் 45 என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்துவிட்டாள். 52-க்குள் ஐந்து பத்துகள் இருப்பதே பிடிபடாதவளிடம் 'பக்கத்துல கடன் வாங்கு' என்றால் என்ன புரியும்? ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி அவளிடம் கொடுத்தேன். "ஏழு குச்சி குடு." இரண்டைக் கொடுத்துவிட்டு முழித்தாள். பிறகு அவளாகவே ஒரு கட்டைப் பிரித்து இன்னும் ஐந்தை எடுத்துக் கொடுத்தாள். மீதிப் பத்துக்கு ஒரு முழுக் கட்டு. கையில் மூன்று கட்டு, ஐந்து உதிரி. முதலில் குச்சி, பிறகு படம், கடைசியில்தான் எண். பள்ளியில் பெரும்பாலும் எண்ணில்தான் தொடங்குகிறார்கள்.

கட்டம் போட்ட நோட்டு கொடுங்கள், இலக்கங்கள் வரிசை மாறாது. பக்கத்துக்கு நாலு கணக்கு போதும். வாய்ப்பாட்டு அட்டை பக்கத்தில் இருக்கட்டும். பார்த்து எழுதினால் எப்போது மனப்பாடம் ஆகும் என்று கேட்பீர்கள். சிலருக்கு ஆகாமலே போகலாம், ஆனாலும் கணக்கு வரும்.

கணக்கில் தடுமாறும் எல்லோருக்கும் டிஸ்கால்குலியாதான் என்று நினைக்க வேண்டாம். கண், காது, விட்டுப்போன பாடங்கள், இவற்றை முதலில் பாருங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது; சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். 'நாளைக்குக் கல்யாணப் பேச்சுல பிரச்சினை வருமே' என்று சான்றிதழே வேண்டாம் என்பவர்களும் உண்டு. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் வாய்ப்பாடு கேட்டு நான் பார்த்ததில்லை.