அட்டோல்: பவளத்தீவு என்று சொன்னால் போதுமா?

அட்டோல் என்ற சொல் வந்தால் பெரும்பாலும் பவளத்தீவு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் சொல்லின் முக்கியமான பாதி அதில் விட்டுப்போகிறது. பவளத்தால் ஆன எல்லாத் தீவும் அட்டோல் கிடையாது. கடலுக்கு நடுவே வளையமாக ஒரு பவளப்பாறைத் திட்டு, வளையத்துக்குள் ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு, வளையத்தின் மேல் அங்கங்கே பவளத்தூளும் மணலும் ஒதுங்கி உண்டான சின்னச் சின்னத் தீவுகள், இத்தனையும் சேர்ந்ததுதான் அட்டோல். ஒரே அட்டோலில் பல தீவுகள் இருக்கலாம். தீவே இல்லாமல் அலைமட்டத்தில் வெறும் வளையமாகக் கிடந்தாலும் அது அட்டோல்தான்.

சொல் வந்தது மாலத்தீவிலிருந்து. அங்கே பேசும் திவெஹி மொழியில் அத்தொளு என்பார்கள் (கடைசியில் வருவது நம் ளகரம் மாதிரியான ஒலி, ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்ததில்தான் அது லகரமாகிவிட்டது). அரசு நிர்வாகப் பிரிவுக்கும் அவர்களுக்கு இதே சொல்தான். பிரான்சுவா பிரார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1602ல் கப்பல் உடைந்து மாலத்தீவில் மாட்டிக்கொண்டு 1607 வரை அங்கேயே இருந்தார். ஊர் திரும்பி எழுதியபோது, அந்த நாடு 13 அத்தொளுக்களாகப் பிரிந்திருப்பதைச் சொன்னார், ஐரோப்பாவுக்குச் சொல் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். ஆனால் அது அறிவியல் சொல்லாக நிலைத்தது சார்ல்ஸ் டார்வின் 1842ல் பவளப்பாறைகள் பற்றி நூல் வெளியிட்ட பிறகு. அதுவரை லகூன் தீவு (லகூன் என்பது வளையத்துக்குள் அடைபட்ட நீர்ப்பரப்பு) என்றே பலரும் எழுதிவந்தார்கள்.

சில ஆங்கில அகராதிகள் இன்னும் ஒரு படி பின்னால் போய், மலையாளத்தில் மூடுதல், சேர்தல் என்ற பொருள் தரும் ஒரு சொல்லோடு இதை முடிச்சுப் போடுகின்றன. திவெஹி சிங்களத்துக்கு நெருங்கிய இந்தோ-ஆரிய மொழி. கேரளக் கரையோடு பழைய வணிகத் தொடர்பு இருந்ததால் சொல் அந்தப் பக்கமிருந்து வந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் அது ஊகம்தான். இதை நம்பி "அட்டோல் தமிழ்ச் சொல்லே" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

சரி, வளையத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், நிலவியலாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதே அந்த வளையத்துக்காகத்தான். 1836 ஏப்ரலில் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பல் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளுக்குப் போனபோது, கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி 7,200 அடிக் கயிற்றை இறக்கியும் கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்குத் தரை தட்டவில்லை. பாறை கட்டும் பவள உயிரிகளோ வெளிச்சம் எட்டும் ஆழத்தில்தான் செழிக்கும். அப்படியானால் இவ்வளவு ஆழத்திலிருந்து சுவர் மாதிரி எழும்பி நிற்கும் இதைக் கட்டியது யார்? டார்வின் சொன்ன விடை இதுதான்: முதலில் ஒரு எரிமலைத் தீவு, அதன் கரையை ஒட்டிப் பவளம் வளர்கிறது. தீவு மெல்ல மெல்ல அமிழ்கிறது, பவளமோ விடாமல் மேலே மேலே கட்டிக்கொண்டே வருகிறது, ஒருநாள் எரிமலை முழுக்க மூழ்கியபின் அதைச் சுற்றியிருந்த வளையம் மட்டும் மிஞ்சுகிறது. இந்த எண்ணம் அவருக்கு உதித்தது தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒரு பவளத்திட்டைக்கூட நேரில் பார்ப்பதற்கு முன்னால்!

நிரூபிக்க ஒரே வழி துளை போடுவது. லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை பசிபிக்கின் ஃபுனாஃபுட்டி அட்டோலில் முயன்றது. 1,114 அடி போயும் பவளச் சுண்ணாம்புதான் வந்ததே தவிர எரிமலைப் பாறை வரவில்லை. கடைசியில் 1952ல் அமெரிக்கர்கள் எனிவெடாக் அட்டோலில் துளைத்தபோது 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை அகப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அதே அட்டோலில் ஹைட்ரஜன் குண்டு வெடித்து ஒரு தீவையே காணாமல் ஆக்கினார்கள், அது தனிக் கதை.

டார்வின் முழுக்கச் சரியா என்றால் அதுவும் இல்லை. நிலவியலாளர்கள் ஆந்த்ரே ட்ராக்ஸ்லர், ஸ்டெஃபான் ஜோரி இருவரும் 2021ல் வெளியிட்ட கட்டுரை வேறு மாதிரி சொல்கிறது. பனியுகங்களில் கடல் இறங்கியபோது வெளியே தெரிந்த தட்டையான சுண்ணாம்பு மேடையின் நடுப்பகுதியை மழைநீர் அரித்துக் குழியாக்கியது, கடல் திரும்ப ஏறியபோது விளிம்பில் பவளம் வளர்ந்து வளையமானது என்பது அவர்கள் வாதம். அவர்கள் முக்கியச் சான்றாகக் காட்டுவதும் மாலத்தீவைத்தான். எரிமலை அமிழ்ந்தது உண்மை, ஆனால் இன்று நாம் பார்க்கும் வளையத்தைச் செதுக்கியதில் கடல்மட்ட ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றுதான் எனக்கும் படுகிறது.

கடல் ஏறி இறங்கியதன் தடயம் உயிர்களிடமும் இருக்கிறது. சீஷெல்ஸின் ஆல்டப்ரா அட்டோலை எடுத்துக்கொள்ளுங்கள், பேராமைகள் சுமார் 1 லட்சம் வாழும் இடம். அங்கே கானாங்கோழி வகையைச் சேர்ந்த வெண்தொண்டைப் பறவை ஒன்று மடகாஸ்கரிலிருந்து பறந்து வந்து, பிடித்துத் தின்னும் விலங்கு எதுவும் இல்லாததால் பறக்கும் திறனை இழந்தது. சுமார் 1,36,000 ஆண்டுகளுக்கு முன் அட்டோல் கடலில் மூழ்க, பறக்க முடியாத பறவை அடியோடு அழிந்தது. நிலம் மறுபடி வெளியே வந்ததும் அதே மடகாஸ்கர் இனம் மறுபடி வந்து குடியேறி மறுபடியும் பறக்க மறந்தது! மூழ்குவதற்கு முந்திய எலும்பையும் பிந்திய எலும்பையும் ஒப்பிட்டு ஜூலியன் ஹியூமும் டேவிட் மார்ட்டிலும் 2019ல் இதை எழுதினார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். பாடநூல்களில் வட்டப் பவளத்திட்டு என்று பார்க்கலாம். பவளத்தீவைவிட நல்ல சொல், ஆனால் 'வட்டம்' உறுத்துகிறது. ஆல்டப்ரா சுமார் 34 கிலோமீட்டர் நீளம், அகலம் அதில் பாதிகூட இல்லை. வளையம் என்றால் நீண்டிருந்தாலும் கோணியிருந்தாலும் பொருந்தும். அப்புறம் திட்டு என்பதற்கும் நம் கடற்கரையில் சொல் இருக்கிறது: பார். முத்துச்சிப்பி கிடைக்கும் கடலடித் திட்டை முத்துப்பார் என்போமே, அதே பார். இலங்கையில் பவளப்பாறையை முருகைக்கல் என்பார்கள், அதுவும் அழகான சொல். ஆக என் தேர்வு வளையப்பார். நீளமாக வேண்டுமென்றால் வளையப் பவளப்பார். முதல் தடவை எழுதும்போது பக்கத்தில் அட்டோல் என்று போட்டுவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

இதன்படி லட்சத்தீவுகள் வளையப்பார்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளம் உண்டு, நடுவில் நீரை அடைத்து நிற்கும் வளையம் கிடையாது. அவற்றைப் பவளத்தீவுகள் என்றே சொல்லலாம், அட்டோல் என்று எழுதினால் தப்பு.