பீம் கணக்கில் ‘எம்.ஐ.’ என்பது என்ன?

கட்டடத்தில் பாரம் தாங்கும் உத்தரமான பீமுக்குக் கணக்கு போடும் இடத்தில் “எம்.ஐ. எவ்வளவு?” என்ற கேள்வி கண்டிப்பாக வரும். விரித்தால் மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா. தமிழில் நிலைமத் திருப்புத்திறன். இலங்கையில் இனெர்ஷியாவைச் சடத்துவம் என்பார்கள்.

இனெர்ஷியா லத்தீன் சொல். செயலற்றிருப்பது, சோம்பல் என்று பொருள். அதை இயற்பியலுக்குக் கொண்டுவந்தவர் வானியலாளர் கெப்ளர். பிறகு கணித மேதை ஆய்லர், 1765-ல் வெளியான தம் நூலில், சுழலும் பொருளின் நிறையை அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகைக்கு ‘மொமென்டும் இனெர்ஷியே’ என்று பெயர் வைத்தார். அங்கே பெயர் சரிதான். தொகை பெரிதானால் சுழலவைப்பதும் கடினம், நிறுத்துவதும் கடினம்.

பீமில் எதுவும் சுழலவில்லை, நிறைக்கும் வேலையில்லை. தேக்கோ இரும்போ, ஒரே வடிவ அளவென்றால் எம்.ஐ. ஒன்றுதான்; பொருளின் விறைப்பைச் சொல்ல யங் குணகம் தனியாக இருக்கிறது. பீமின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கிறது என்று அளக்க, நிறை இருந்த இடத்தில் குறுக்குவெட்டின் பரப்பை வைத்தார்கள். கணக்கின் உருவம் மாறாததால் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது. அலகைப் பார்த்தாலே தெரியும்: இதற்கு மி.மீ.⁴, கிலோ எங்குமே வராது.

தூரம் ஏன் இரண்டு முறை பெருக்கப்படுகிறது? பாரம் ஏறிய சாதாரண பீமில் மேற்பகுதி அமுங்கும், கீழ்ப்பகுதி இழுபடும்; நடுநிலை அச்சில் இரண்டும் இல்லை. அச்சை விட்டு விலக விலக இழுப்பு தூரத்துக்கேற்பக் கூடுகிறது, இது ஒரு முறை. அந்த இழுப்பு வளைவை எதிர்த்துத் திருப்பும் வலிமையும் அதே தூரத்தைப் பொறுத்தது, இது மறுமுறை. அதனால்தான் செவ்வகத்துக்கு அகலம் × ஆழம்³ ÷ 12 என்று ஆழம் (மேலிருந்து கீழுள்ள அளவு) மும்மடியில் வருகிறது.

230 × 450 மி.மீ. பீமை நிமிர்த்தி வைத்தால் சுமார் 174.7 கோடி மி.மீ.⁴. அதையே படுக்கவைத்தால் 45.6 கோடிதான். பொருள் ஒரு கைப்பிடிகூடக் குறையவில்லை! ஐ வடிவ இரும்பில் மேலும் கீழும் பட்டையை அகலமாக விட்டு நடுவை மெலிதாக்குவதும் இதற்காகத்தான்.

ஆகவே பீமுக்கு நான் பரிந்துரைப்பது ‘பரப்பின் இரண்டாம் திருப்புத்திறன்’. கொஞ்சம் நீளம்தான். ஆனால் எதைப் பெருக்குகிறோம், எத்தனை முறை என்பது இரண்டும் பெயரிலேயே இருக்கிறது. முதல் திருப்புத்திறன், அதாவது பரப்பு × தூரம், பரப்பு மையத்தைக் கண்டுபிடிக்க உதவும். நிலைமத் திருப்புத்திறனைச் சக்கரத்துக்கும் பம்பரத்துக்கும் விட்டுவிடலாம்.