கோல்ஃப் கோர்ஸ்: மைதானமா, திடலா, நிலமா?

'சீனாவில் கோல்ஃப் மைதானங்களுக்குத் தடை' என்று தமிழில் ஒரு செய்தியைப் படித்தால், ஒரு விளையாட்டின் மேல் அரசுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 2004-இல் அங்கே நிறுத்தப்பட்டது விளையாட்டு கிடையாது, அதற்காக நிலம் எடுப்பது. படிப்பவருக்கு அது சட்டென்று விளங்காமல் போவதற்கு 'மைதானம்' என்ற சொல்லும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் 'கோல்ஃப்'. இது ஸ்காட்லாந்தில் இருந்து வந்த சொல். தடி, மட்டை என்று பொருள்படும் பழைய டச்சுச் சொல்லான 'கோல்ஃப்'/'கொல்ஃப்' என்பதோடு உறவுள்ளது என்பது பரவலான கருத்து. 'பெண்களுக்கு அனுமதி இல்லை' என்று பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர் இது என்று ஒரு கதை சுற்றுகிறதே, அதை நம்ப வேண்டாம், அது பிற்காலத்துக் கட்டுக்கதை. இந்தச் சொல் எழுத்தில் முதலில் கிடைக்கும் இடமே ஒரு தடை ஆணைதான்: 1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், மக்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதில் இறங்குகிறார்கள் என்று கால்பந்தையும் கோல்ஃபையும் சேர்த்துத் தடுத்தது. அன்றைய தடை ஆட்களின் நேரத்துக்காக, சீனத்தின் தடை மண்ணுக்காக.

அப்புறம் 'கோர்ஸ்'. ஓட்டம், செல்லும் வழி என்று பொருள்தரும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. ஆறு ஓடும் தடத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஆட்டக்காரர் முதல் குழியில் தொடங்கிப் பதினெட்டாவது குழிவரை நடந்து போகிற வழி என்ற பொருள் இதற்குள் இருக்கிறது. மைதானம் என்றால் நமக்கு ஓர் ஓரத்தில் நின்று மறு ஓரத்தைப் பார்க்க முடிகிற வெளி. 18 குழிகள் கொண்ட ஒன்றுக்கு ஏறக்குறைய 50 முதல் 80 ஹெக்டேர் வேண்டும், ஒரு கால்பந்து மைதானமோ ஒரு ஹெக்டேர்கூடக் கிடையாது. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும்போது வாசகர் கண்ணில் இருந்து மறைந்துபோவது ஒரு முழு கிராமத்தின் வயல்வெளி.

இன்னொரு பழைய சொல் இருக்கிறது, எனக்கு இதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது: 'லிங்க்ஸ்'. கடற்கரை ஓரத்து ஆட்ட நிலத்தை இப்படிச் சொல்வார்கள். பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்கு மேடு, மேட்டுவிளிம்பு என்று பொருள். கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடந்த மணல்மேடு, உப்புக் காற்றும் மெல்லிய புல்லும் தவிர வேறொன்றும் இல்லாத இடம், ஏர் ஓட்டிப் பயன் கிடைக்காது, ஆடு மேயும், அவ்வளவுதான். அதாவது இந்த விளையாட்டு யாருடைய சோற்றையும் பறிக்காத நிலத்தில் பிறந்தது. அது வளர்ந்து, உள்நாட்டுக்குள் நுழைந்து, விளைகிற மண்ணைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் சிக்கல்.

அந்தச் சிக்கல் கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் நடந்த நாடு சீனா. அங்கே இதன் பெயர் 'காவ்-அர்-ஃபூ', ஒலியை அப்படியே எடுத்துக்கொண்ட சொல். இத்தனைக்கும் அவர்களிடம் 'சுயிவான்' என்று சொந்தமாகவே ஒரு பழைய ஆட்டம் இருந்தது. அடி, உருண்டை என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை, உருண்டையை மட்டையால் அடித்துத் தரையில் உள்ள குழிக்குள் தள்ளும் ஆட்டம், 1282-இலேயே அதற்கு விதிநூல் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் நவீன ஆட்டம் வந்தபோது பழைய பெயரை எடுக்கவில்லை. 1949-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு அங்கே இருந்த கோல்ஃப் கோர்ஸ்களும் போயின, ஷாங்காயில் வெளிநாட்டினர் ஆடிக்கொண்டிருந்த ஒன்று பூங்காவாகி இன்று விலங்குக் காட்சிச்சாலையாக இருக்கிறது. பொருளாதாரக் கதவு திறந்த பின் 1984-இல் குவாங்டொங் மாகாணத்தின் சோங்ஷானில் முதல் நவீன கோல்ஃப் கோர்ஸ் வந்தது, அமெரிக்க ஆட்டக்காரர் ஆர்னல்ட் பாமர் வடிவமைத்தது.

2004 ஜனவரியில் சீன அரசவை, அதாவது அந்நாட்டு மைய அமைச்சரவை, புதிய கோல்ஃப் கோர்ஸ்களைக் கட்டுவதை 'தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறோம்' என்று அறிவிப்பு விட்டது. அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். சீன மூலத்தில் இருப்பது 'சான்திங்', அதாவது இடைநிறுத்தம். நாம் அதைத் 'தடை' என்று எழுதுகிறோம். இடைநிறுத்தத்துக்குப் பிறகு ஒரு தொடக்கம் உண்டு என்ற நம்பிக்கையை அந்தச் சொல்லே கொடுத்துவிடுகிறது. அன்று 200-க்கும் குறைவாக இருந்தவை, பிறகு அரசு கணக்கெடுத்தபோது 683.

எப்படி இவ்வளவு? சீனத்தில் நகர நிலம் அரசுக்குச் சொந்தம், கிராம நிலம் அந்தந்தக் கிராமக் கூட்டமைப்புக்குச் சொந்தம். கிராம நிலத்தைக் கையகப்படுத்தி, வகை மாற்றி, பயன்பாட்டு உரிமையை விற்பது உள்ளூர் அரசுகளின் கையில் இருந்தது. 1994 வரிச் சீர்திருத்தத்துக்குப் பின் வரி வருவாயின் பெரும்பங்கு மையத்துக்குப் போனதால், அவர்களுக்கு இந்த நிலப் பணம்தான் பெரிய ஊன்றுகோல். புல்வெளியைச் சுற்றி மாளிகை வீடுகள் எழுந்தால் மனை விலை ஏறும், அந்த லாபத்துக்காகத்தான் பல இடங்களில் புல்லே விதைத்தார்கள். நிலத்தை இழந்த உழவருக்கு விளைச்சல் கணக்கில் இழப்பீடு, விற்றவருக்கு மனைக் கணக்கில் வருவாய். இந்த அநியாயத்தைச் சொல்லாமல் இந்தச் சொல்லை விளக்கவே முடியாது.

சரி, நிறுத்தம் அமலில் இருக்கும்போது பலகையில் என்ன எழுதினார்கள்? ஓய்வு விடுதி, உடற்பயிற்சி மையம், சூழலியல் பூங்கா. 'காவ்-அர்-ஃபூ' என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை. நிலம் இருந்தது, குழி இருந்தது, பெயர் இல்லை. நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு என்பது கடைசியில் ஒரு துண்டு மண்ணுக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது, பெயரை மாற்றினால் விதியைத் தாண்டிவிடலாம் என்பதை இது காட்டுகிறது.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு தொடர் 'சிவப்புக் கோடு'. உழுநிலம் 180 கோடி மூவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சீனா வைத்துக்கொண்ட வரம்பு அது. ஒரு மூ என்பது ஏறக்குறைய ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு, ஆக மொத்தம் 12 கோடி ஹெக்டேர். அத்தனை பெரிய மக்கள்தொகைக்குச் சோறு போட வேண்டிய நாட்டில் அந்தக் கோடு மிகையான அச்சம் கிடையாது. தமிழில் 'உழுநில வரம்பு' என்றாலே போதும், வரம்பு என்பது வயலில் இருந்தே வந்த சொல், வண்ணம் எதற்கு. 2017 தொடக்கத்தில் அந்த 683-இல் 111-ஐ மூடியதாக அறிவித்தார்கள். உழுநிலத்தையும் நீர்வளப் பகுதிகளையும் ஆக்கிரமித்தது மூடலுக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

இனி நம் சொல். கோல்ஃபுக்குக் 'குழிப்பந்தாட்டம்' என்பது நல்ல ஆக்கம், 'சுயிவான்' போலவே ஆட்டத்தைப் பார்த்துச் செய்த பெயர், பார்க்காதவருக்கும் புரியும். கோர்ஸுக்கு 'மைதானம்' வேண்டாம், பாரசீக வழியில் வந்தது என்பதற்காகச் சொல்லவில்லை, அளவு பொருந்தவில்லை. 'திடல்' எனக்குப் பிடித்திருக்கிறது. இன்று அதுவும் விளையாட்டு மைதானம் என்றுதான் ஒலிக்கிறது, உண்மைதான். ஆனால் திடல், திடர் என்ற சொற்களின் பழைய பொருள் மேட்டு நிலம், மணல்திட்டு. 'லிங்க்ஸ்' என்ற சொல் எந்த நிலத்தில் இருந்து வந்ததோ, கிட்டத்தட்ட அதே நிலம்! நீர் நிற்காத, நெல் விளையாத மேடு. விளையாட்டுச் செய்திக்குக் 'குழிப்பந்தாட்டத் திடல்' என்று எழுதலாம். நிலவகை, இழப்பீடு, விதிமீறல் என்று பேசுகிற இடத்தில் 'குழிப்பந்தாட்ட நிலம்' என்றே எழுதுவேன், அங்கே வாசகர் பார்க்க வேண்டியது ஆட்டத்தை அல்ல.

அந்த 2004 செய்திக்கு நான் தலைப்பு வைத்தால் இப்படி இருக்கும்: 'புதிய குழிப்பந்தாட்ட நிலங்களுக்குச் சீனத்தில் இடைநிறுத்தம்'.