நோகாத கால்தான் எனக்குப் பயம்

சிறுபோக வெட்டு முடிந்த கையோடு அக்கராயன் பக்கமிருந்து ஓர் ஐயா முழங்கால் நோவுக்கென்று வந்தார். கட்டிலில் ஏற முன் செருப்பைக் கழற்றச் சொன்னேன். வலது செருப்பில் அடியால் ஏறிய காரைமுள் ஒன்று மேற்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்காலில் அதே இடத்தில் புண், சுற்றிவர ஊனநீர். "எப்ப ஐயா குத்தினது?" என்றேன். "முள்ளோ தம்பி?" என்று குனிந்து பார்த்தார். அவருக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு, வந்து 13 வருடம்.

இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்யும் எனக்கு, கால் நோகுது என்று வருபவர்களைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. நோவே அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

அப்படி வருபவர்களில் கனபேருக்குக் குதிக்கால் நோவு. விடிய எழும்பி முதல் அடி வைக்க ஆணி குத்தினதுபோல இருக்கும், கொஞ்சம் நடந்தால் குறையும், இருந்து எழும்பினால் திரும்ப வரும். குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை பழுதுபட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். எக்ஸ்ரேயில் "முள் வளர்ந்திருக்கு" என்று யாரும் சொன்னால் பயப்பட வேண்டாம். நோவே இல்லாதவர்களுக்கும் அந்த வளர்ச்சி இருக்கும். படுக்கையை விட்டு இறங்க முன் ஒரு துவாயைப் பாதத்தில் மாட்டி, விரல்கள் உங்கள் பக்கம் மடங்க 30 விநாடி இழுத்துப் பிடியுங்கள். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலையும் நீட்டுங்கள். சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், ஆனால் பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் சத்திரசிகிச்சை இல்லாமலே சுகம் வரும். ஊசி போட்டால் உடனே சுகம் என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்பவர்களுக்கு ஒன்று: அந்த ஊசி அளவு மீறினால் நார் அறுந்துபோகவும் கூடும்.

வரம்பில் சறுக்கிக் கணுக்கால் பிரண்டால் முதல் இரண்டு மூன்று நாளைக்கு எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் போதும். நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் மொளி எலும்பின் பின்விளிம்பை அமத்த நொந்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இனி, நோகாத கால். சீனி நாட்பட்டு நரம்பைக் கெடுத்தால் உள்ளங்கால் விறைத்துவிடும். வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். வேறொருவர் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளைச் சுட்டுவிரலால் மெல்லத் தொடட்டும், அழுத்தக் கூடாது. ஆறில் இரண்டு தொடுகையாவது தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும், கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் கால் ஆணியைப் பிளேட்டால் வெட்டக் கூடாது. ஒத்தடம், ஐஸ் இரண்டும் கூடாது. குளிக்கிற சுடுதண்ணியை முழங்கையால் பாருங்கள். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி வீங்கினால், நோகவில்லை என்று அதில் நடந்து திரியாதீர்கள். உள்ளே எலும்புகள் நொருங்கிக்கொண்டிருக்கலாம்.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் கதிர்காமப் பாதயாத்திரைக்கும் வெறுங்காலோடு போகிறவர்களில் இப்படியானவர்களும் இருக்கிறார்கள். சுடும் தார் ரோட்டில் தோல் பொக்களித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. நேர்த்தியை நான் தடுக்கவில்லை. கால் விறைத்தவர்கள் செருப்போடு நடந்து கோயில் வாசலில் கழற்றுங்கள். அம்மாளாச்சி அதற்குக் கோபிக்க மாட்டா.

எங்கள் மண்ணில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. 2009 யுத்தத்தில், முப்பதுகளில் இருந்தபோது ஒரு காலை இழந்தவர்கள் இப்போது ஐம்பதை எட்டுகிறார்கள், சலரோகமும் வருகிற வயது. பொய்க்கால் தளர்ந்தால் பாரமெல்லாம் மற்றக் காலில்தான் விழும். பொய்க்காலைத் திருத்தப் போகும்போதெல்லாம் மிஞ்சிய காலையும் காட்டிவிட்டு வாருங்கள். அந்தக் காலில் ஒரு கொப்புளத்தைக்கூட "பரவாயில்லை" என்று விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கராயன் ஐயாவை அன்றே ஆஸ்பத்திரி வாட்டுக்கு அனுப்பினேன். புண் ஆற மூன்று மாதம் பிடித்தது, அந்தக் காலபோகத்துக்கு அவர் வயலில் இறங்கவில்லை. இப்போது ஒவ்வோர் இரவும் பேத்தி டோர்ச் அடித்து அவரது உள்ளங்காலைப் பார்க்கிறாளாம். செருப்பையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துத்தான் வைக்கிறாள்.