ஃபின்ஸ் எடுக்குமுன் சூரையின் வாலைப் பாருங்கள்

நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போய் முருகைக்கல் (பவளப்பாறை) காட்டுவது என் தொழில். போன கிழமை வவுனியாவிலிருந்து வந்த தம்பி ஒருவர் ஃபின்ஸ், அதாவது காலில் மாட்டி நீந்தும் ரப்பர்த் துடுப்பு, இருக்கும் பெட்டியைக் கிளறி, இருந்ததிலேயே நீட்டமான, விறைத்த சோடியாகப் பார்த்து எடுத்தார். "அண்ணை, இதுதானே வேகமாப் போகும்?" வேண்டாமென்றேன், கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. மல்லாத்திப் போட்டு, முழங்காலை நீட்டச்சொல்லி, ஃபின்ஸின் நுனியை அவர் முகத்தின் பக்கமாக இழுத்துப் பிடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. இந்த வைத்தியத்தை எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

வளையாத பலகை தண்ணீரை மேலும் கீழுந்தான் தள்ளும். அவ்வளவு பாரமும் காலுக்கு. வளைகிற தகடோ உதைக்கும்போது சரிந்து நிற்கும். தண்ணீர் பின்னால் போக, ஆள் முன்னால் போவார். ஒவ்வொரு உதையிலும் நுனியிலிருந்து ஒரு சுழி கழலும். மேலுதைச் சுழியும் கீழுதைச் சுழியும் எதிரெதிராகச் சுற்றி, நடுவில் தண்ணீரைத் தாரையாகப் பின்னுக்குப் பீச்சும். மீனும் ஓங்கிலும் (டொல்பின்) செய்வது இதைத்தான். வால் நுனி ஆடும் அகலத்தை நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பதால் பெருக்கி, வேகத்தால் வகுத்துப் பாருங்கள்: நன்றாக நீந்தும் பிராணிகளில் பெரும்பாலானவற்றுக்கு 0.2க்கும் 0.4க்கும் இடையில் வரும்.

விடியற்காலை மீன் சந்தையில் ஒரு சூரையின் வாலடியைப் பிடித்துப் பாருங்கள். அவ்வளவு தடித்த உடம்பு அங்கே வந்து பெருவிரல் அளவுக்குச் சிறுத்திருக்கும். இரு பக்கமும் கத்தி விளிம்பு போல ஒரு மேடு, அதற்குப் பின்னால் பிறை வால். வேகத்துக்கேற்ப மீன் தசைநாணை இறுக்கி வாலின் விறைப்பை மாற்றுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2021இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் அப்படி விறைப்பு மாறும் வாலோடு ஒரு மீன் ரோபோவைச் செய்தார்கள். விறைப்பு மாறாத வாலோடு அதே ரோபோ நீந்தியபோது செலவான சக்தியில் ஏறத்தாழப் பாதியே போதுமாக இருந்தது.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி து கோர்லியோ 1933இல் ஃபின்ஸுக்குக் காப்புரிமை எடுத்த காலத்திலிருந்து இன்றுவரை நம் ரப்பருக்கு அந்த வித்தை தெரியாது. ஆகவே காலுக்கேற்றதை நாம்தான் பார்த்து எடுக்கவேண்டும். நுனியைத் தரையில் ஊன்றி அழுத்துங்கள். நடுவிலிருந்து நுனிவரை வில்லாக வளைந்தால் நல்லது. பாதத்தடியில் மட்டும் மடிந்தால் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். துணிபோலத் துவண்டாலும் வேண்டாம், நீரோட்டத்தில் அது இழுக்காது. ஆழமில்லாத இடத்துக்குக் கட்டையானதே போதும். நீண்டது முருகைக்கல்லை உடைக்கும்.

நன்றாக ஓய்வெடுத்தபின் தம்பி மெல்லிய சோடியோடு திரும்ப இறங்கினார். கருமுனைச் சுறா ஒன்று கீழே போனது. மேலே வந்ததும், "அண்ணை, வால் மட்டுந்தான் ஆடுது, உடம்பு அசையவேயில்லை" என்றார். பிழை, சுறாவுக்குப் பின்பாதி உடம்பும் சேர்ந்து நெளியும். அவர் முகத்திலிருந்த சந்தோசத்தைப் பார்த்து அப்போது நான் திருத்தவில்லை.