காட்டுக் கிழங்கும் தேனும்: வன உரிமைச் சட்டத்தில் சமூக உரிமை கோருவது எப்படி?

பட்டா கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று பல பழங்குடி ஊர்களில் விட்டுவிடுகிறார்கள். தனிநபர் பட்டா குடியிருக்கும், பயிர் செய்யும் நிலத்துக்குத்தான். நூரைக் கிழங்கும் மலைத்தேனும் நெல்லியும் மூங்கில் குருத்தும் கிடைப்பது காட்டில். ரேஷன் அரிசி பசியை ஆற்றும், ஆனால் இவை தரும் சத்தைத் தராது. காட்டு உணவு கைவிட்டுப் போகக் கூடாதென்றால் ஊர் கூடிச் சமூக உரிமை கோர வேண்டும்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(சி) பிரிவின்படி, வழிவழியாக எடுத்துவந்த சிறு வன மகசூல் மக்களுக்கே உடைமை. சேகரிக்கலாம், உண்ணலாம், விற்கலாம். தேன், மெழுகு, மூங்கில், மூலிகை, வேர், கிழங்கு எல்லாம் இதில் அடங்கும், மரம் அடங்காது. மீனுக்கு 3(1)(டி) பிரிவு இருக்கிறது. வேட்டைக்கு உரிமை கிடையாது, அதனால் மனுவில் முயல், உடும்பு என்று எழுதவே வேண்டாம். சரணாலயம், புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊர்களும் கோரலாம்.

முதல் வேலை கிராம சபை. ஊராட்சி முழுதும் கூட வேண்டும் என்பதில்லை. காட்டிலுள்ள பழைய குடியிருப்பும், அளக்கப்படாத சிற்றூரும் சட்டப்படி ஊர்தான். 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைச் சபை தேர்ந்தெடுக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும். சபையில் பாதிப் பேராவது கூடியிருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இந்தக் கணக்குத் தவறினால் தீர்மானம் செல்லாது என்று திருப்பிவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் ஆண், பெண் எண்ணிக்கையைத் தனித்தனியாக எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

அடுத்தது படிவம். எடுக்கும் உரிமைக்குப் பி படிவம். அந்தக் காட்டைப் பாதுகாத்து மேலாண்மை செய்யும் உரிமைக்குச் சி படிவம். இரண்டையும் சேர்த்தே போடுங்கள். 'சிறு வன மகசூல்' என்று ஒற்றை வரியில் முடிப்பதுதான் பெரும்பாலான மனுக்களின் குறை. பிறகு உரிமைப் பத்திரத்தில் நாலைந்து பொருள் மட்டும் ஏறும், கிழங்கும் கீரையும் விடுபட்டுப்போகும். ஒவ்வொரு உணவையும் ஊரில் வழங்கும் பெயரோடு எழுதுங்கள். எந்தச் சரிவில், எந்த ஓடைக்கு எந்தப் பக்கம், எந்த மாதங்களில், எந்த வழியாகப் போவது என்பதும் வேண்டும். கிழங்கு தோண்டும் பெண்களைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதினால்தான் பட்டியல் நிறையும். தேன் எடுக்கும் பாறைகளுக்குப் பெயர் இருந்தால் அதையும் சேருங்கள்.

ஆதாரம் ஒன்றுக்கு மேல் தேவை. கிழங்கு, காய்கனி எடுக்கும் இடங்கள், மீன்பிடிக்கும் இடங்கள், கோயில் மரம், இடுகாடு எல்லாவற்றையும் வன உரிமை விதிகளின் 13ஆம் விதி ஆதாரமாகவே ஏற்கிறது. பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி இணைக்கலாம். 75 ஆண்டு ஆதாரம் கேட்டால் மறுத்துவிடுங்கள், அந்த நிபந்தனை பழங்குடியல்லாத வனவாசிகளுக்கு மட்டுமே உரியது.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். வனத்துறையினர் வராமலே பின்னர் ஆட்சேபித்தால் மனு மறு ஆய்வுக்கு வரும். மறுபடியும் வராவிட்டால் கள ஆய்வைப் பொறுத்தவரை சபையின் முடிவே இறுதி.

சபைத் தீர்மானம் வருவாய்க் கோட்டக் குழுவுக்கும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கோட்டக் குழுவின் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவிடம் மேல்முறையீடு செய்ய 60 நாள்தான் அவகாசம்.

பத்திரம் வந்ததும் பொருள்களின் பட்டியலையும் 'நிபந்தனைகள்' பகுதியையும் மனுவோடு ஒப்பிடுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் உடனே எழுத்தில் முறையிடுங்கள். வன உரிமை விதிகளின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மகசூலை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டைத் தருவது கிராம சபையின் குழு அல்லது சபை நியமித்த ஆள். சேகரிப்புக்குக் கட்டணமோ உரிமைத்தொகையோ எதுவும் கிடையாது. சீட்டில் பொருள், எடை, தேதி மூன்றையும் எழுதி, ஒரு நகலைச் சபையிடம் வையுங்கள். சோதனைச் சாவடியில் தேனை நிறுத்தினால் காட்டுவதற்குப் பத்திரத்தின் நகலும் சீட்டோடு போகட்டும்.